கடற்கரையைப் பூட்டினால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?



அன்பின் ஊர் உறவுகளே, இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும். இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். முழுவதையும் வாசிக்காமல் கொமெண்ட் போட வேண்டாம் என்பது மட்டும் அன்பான வேண்டுகோள்.

இனிமேல் நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாரும் கடற்கரையிலோ தீவுப் பக்கமோ இரவு தங்கக் கூடாது, கூடாரம் அடிக்கக் கூடாது என்று ஊர் மட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கச் சொல்லி ஒரு வாரமாக வட்ஸ்அப் குழுக்களில் பேச்சு நடக்கிறது. பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் சிலரும் இதைப் பற்றி இருந்து பேசினோம். இந்தத் தடை வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. தடை கேட்பவர்களின் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்போம். கற்பிட்டிக் குடாநாடு என்பது கடலுக்கும் புத்தளக் களப்புக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் வரம்பு. பாலாவியில் திரும்பி நுரைச்சோலை, ஏத்தாலை என்று வந்தால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. வடக்கே போகப் போக நிலம் மெலிந்து மணல் நாக்காகி, உச்சமுனை, அதற்கப்பால் பத்தலங்குண்டு என்று தீவுகளாகப் போகிறது. இந்த மணல் இல்லாவிட்டால் களப்பு இல்லை. களப்பு இல்லாவிட்டால் றாலும் இல்லை, நண்டும் இல்லை, உப்பும் இல்லை. நாம் குடிக்கும் கிணற்றுத் தண்ணீர் கூட இந்த மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும் மழைத் தண்ணீர்தான். இப்படிப்பட்ட இடத்தில் பிறந்த பிள்ளைக்குக் கடற்கரையில் ஒரு இரவு தங்கத் தெரியாது, காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்று சொல்லத் தெரியாது என்றால் அது நல்ல செய்தி அல்ல. வகுப்பில் கேட்டுப் பாருங்கள். டெக்டோக்கில் மாலைதீவைப் பார்த்த பிள்ளைகள் நிறையப் பேர். பத்தலங்குண்டைப் பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

தடைக்குக் காரணம் போன ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் நடந்தது. மூன்று பிள்ளைகள் கடலில் இறங்கி இழுபட்டுப் போனார்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டுப் பாய்ந்து இழுத்துப் போட்டதால் அல்ஹம்துலில்லாஹ் மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த மீனவச் சகோதரர்களில் ஒருவர்கூட நம்ம ஊர் இல்லை, நம்ம மார்க்கமும் இல்லை. அவர்களுக்கு ஊர் சார்பாக ஒரு நன்றி இன்னும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தீர்மானம் எழுத ஆள் இருக்கிறது, நன்றி சொல்லப் போக ஆள் இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளைகள் இழுபட்டது இரவில் அல்ல. அஸருக்கு முன்னால், பட்டப்பகலில். அவர்கள் கூடாரம் அடிக்கப் போகவும் இல்லை, புரியாணிப் பார்சலோடு ஒரு வேனில் வந்து இரண்டு மணித்தியாலம் நின்று போக வந்தவர்கள். அப்படியென்றால் இரவுத் தங்கலைத் தடை செய்வதால் எந்த உயிர் காப்பாற்றப்படும்?

அங்கே உண்மையில் நடந்ததை விளங்கிக்கொண்டால்தான் அடுத்த பிள்ளையைக் காப்பாற்றலாம். நமது பெருநாட்கள் பிறைக் கணக்கில் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகின்றன. கடலுக்குப் பிறைக் கணக்கு இல்லை. அதற்குச் சோளகம், வாடை என்று காற்றுக் கணக்குத்தான். 2024இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் நடுவில் வந்தது, 2025இல் ஜூன் ஆரம்பத்தில் வந்தது. அதாவது சரியாகச் சோளகம் பிடித்து நிற்கும் காலம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை நம்ம வெளிக்கடல் பக்கம் குளிக்கும் கடல் அல்ல. அந்த நாட்களில் காற்றாடி கட்டிப் பலகையில் ஓட வரும் வெள்ளைக்காரன்கூட அலை இல்லாத களப்புப் பக்கத்தைத்தான் தேடிப் போகிறான். நம்ம பிள்ளைகள் நேரே வெளிக்கடலில் இறங்குகிறார்கள். டிசம்பர் லீவில் குளித்த அதே இடம்தானே என்று நினைக்கிறார்கள். இடம் அதுதான், கடல் வேறு.

இன்னொன்று. அலை உடையும் இடம் ஆபத்து, அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாகத் தெரியும் இடம் பாதுகாப்பு என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. கரைக்கு ஏறிய தண்ணீர் மணல் மேட்டுக்கிடையில் ஒரு வாய்க்கால் போல வழி பிடித்துத் திரும்பப் போகும் இடம்தான் அந்த அமைதியான இடம். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, மூச்சுத்தான் போகும். கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி இழுப்பிலிருந்து விலகி, பிறகு கரைக்கு வர வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். களப்பு முகத்துவாரங்களிலும் மணல் திட்டுகளுக்கிடையிலும் இதே கதைதான். நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று ஆள் அளவு இருக்கும். இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் வகுப்பறைக் கரும்பலகையில் அல்ல, கரையில் நிற்கவைத்து, கையை நீட்டி, "அந்தா பார்" என்று காட்டித்தான் சொல்லிக் கொடுக்கலாம். நீந்தத் தெரியாத பிள்ளைகளைத் தீவிலே வைத்துக்கொண்டு, கடலை மட்டும் தடை செய்யலாம் என்று யோசிப்பது என்ன கணக்கு?

அடுத்த பயம், வாலிபர்கள் இரவில் கூடினால் ஐஸ், கஞ்சா என்று கெட்டுப்போவார்கள் என்பது. இது பொய்யான பயம் அல்ல. நம்ம கரையோரத்தில் என்னென்ன இறங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கூடாரத்துக்காகக் காத்திருக்கவில்லை. கடைகளுக்குப் பின்னால், பாழடைந்த வாடிகளில், டியூஷன் வகுப்பு முடிந்து வரும் ஒழுங்கைகளில் இருக்கிறது. ஐந்தாறு பெரியவர்கள் கூட இருந்து, நெருப்பு மூட்டி, சமைத்து, மஃரிபும் இஷாவும் ஜமாஅத்தாகத் தொழுது, ஸுபஹுக்கு எழும்பும் ஒரு இரவு அந்த வியாபாரிகளுக்கு லாபமான இரவு அல்ல. நாம் தடை போட்டால் நல்ல பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மற்றவர்கள் இன்னும் தூரமாக, இன்னும் இருட்டான இடத்துக்கு, வீட்டுக்குச் சொல்லாமல் போவார்கள்.

வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயமும் இருக்கிறது. "கேம்ப்" என்ற சொல்லே நம்ம பிரதேசத்தில் லேசான சொல் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்ம சகோதரர்கள் படகுகளில் வந்து இறங்கிய கரைகளில் இந்தக் கரையும் ஒன்று. கிடுகும் பொலித்தீனுமாகப் போட்ட குடில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். கேம்ப் என்றால் அவர்களுடைய உம்மம்மாக்களுக்கு நினைவு வருவது கொட்டும் மழையும், கியூவும், நிவாரண அரிசியும்தான். ஒரு மாணவனின் மூத்தம்மா, "ஊட்ட உட்டுட்டுக் காசு குடுத்துப் போயி டெண்டுல கெடக்கிறதா? நாங்க சும்மாவே கெடந்தமே" என்று கேட்டாராம். நாங்கள் சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு 2019. ஜனவரியில் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் பிடிபட்டதும், ஏப்ரல் 21இல் நடந்ததும், அதன் பின் நம்ம வாலிபர்கள் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் ஞாபகம். நாலு முஸ்லிம் பொடியன்மார் தாடியோடு ஒரு ஒதுக்குப்புறத்தில் கூடாரம் அடித்தால் யாராவது பொலிஸுக்கு அடிப்பார்கள் என்று பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ஒளிந்து கொள்வது அல்ல. போகும் முன் கிராம சேவையாளருக்கும் பொலிஸுக்கும், தீவுப் பக்கம் என்றால் கடற்படைக்கும், பெயர்ப் பட்டியலோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போவதுதான். சாரணர் இயக்கம் இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது. நம்ம பாடசாலைகள் பலவற்றில் சாரணர் குழு பெயருக்குத்தான் இருக்கிறது. அதை உயிர்ப்பித்தாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். சிங்கள, தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு கூடாரத்துக்குக் கயிறு கட்டிய பிள்ளையைப் பற்றி வதந்தி பரப்புவதும் கஷ்டம்.

சரி, தடை வேண்டாம் என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. இனித்தான் கசப்பான பகுதி.

பெருநாளுக்கு அடுத்த நாள் காலையில் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். சோடாப் போத்தல், பார்சல் சுற்றிய தாள், ஐஸ்கிரீம் கப், பம்பர்ஸ். ஆம், பிள்ளைகளின் பம்பர்ஸ், மணலில் பாதி புதைத்து. பொலித்தீன் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்யப்பட்டவை. அந்தத் தடையை நம்ம கடற்கரை இன்னும் கேள்விப்படவில்லை போல. புத்தளத்துக் கழுதைகள் நாடறிந்தவை. அவை இந்தப் பார்சல்களை மென்றுகொண்டு நிற்பதைப் படம் பிடித்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். சிரிப்பில் கழுதைக்குப் பங்கில்லை.

கொழும்புக் குப்பையை அறுவைக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று புத்தளம் மாவட்டமே மாதக்கணக்காகப் போராடியது. ஆண், பெண், பிள்ளைகள், பள்ளி, கோயில், சேர்ச் என்று எல்லோரும் வீதியில் நின்றார்கள். அந்தப் போராட்டத்தின் பெறுமதி பெரியது. அதே ஆட்கள் சாப்பிட்டுவிட்டு அதே கரையில் பொலித்தீனை விட்டுப் போனால், நாளைக்கு இன்னொரு குப்பை லொறி வரும்போது எந்த வாயால் தடுப்பது? பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் சின்ன வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். கடற்கரையும் பாதைதான், ஆமைக்கும் மீனவனுக்கும்.

ஆமை என்றதும் நெருப்பு. இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் ஏறி முட்டை இடுகின்றன, ஐந்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலின் திசையைக் கண்டுபிடிக்கிறது. கரையில் பெரிய நெருப்பும், கலர் லைட்டும், வாகன ஹெட்லைட்டும் இருந்தால் அது கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கும். விடிந்தால் காகத்துக்குச் சாப்பாடு. சமைக்க மூன்று கல் வைத்த சிறிய அடுப்புப் போதும். ஆள் உயரத்துக்கு நெருப்பு வளர்ப்பது வீடியோவுக்காக மட்டும்தான்.

வாகனத்தை மணல் மேட்டில் ஏற்றுவதையும் சொல்ல வேண்டும். அந்த மேட்டில் ஊதாப் பூப் பூக்கும் அடம்பன் கொடியும், காலில் குத்தும் இராவணன் மீசையும் இருக்கின்றனவே, அவை களை அல்ல. காற்று அள்ளிக்கொண்டு வரும் மணலைப் பிடித்து நிறுத்தி மேடாக்குவது அவைதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதைப் பழமொழிப் புத்தகத்தில் மனனம் பண்ணுகிறோம், நேரில் ஜீப்பை விட்டு நசுக்குகிறோம். ஒரு இடத்தில் கொடி அறுந்தால் அந்த வாயால் காற்று மணலைத் தோண்டத் தொடங்கும். பிறகு கடல் வரும். கடலரிப்பு என்று அரசாங்கத்திடம் கல் கேட்டுக் கடிதம் எழுதும் வேலை அதற்குப் பிறகு.

மலசலகூடம் பற்றிப் பேச வெட்கப்பட்டால் இந்தப் பதிவே வீண். கூடாரம் அடிக்கும் கூட்டம் இருபது பேர், இரண்டு இரவு. எங்கே போகிறார்கள்? மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும், தண்ணீர் இருக்கும் இடத்திலும் அசுத்தம் செய்வதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கண்டித்துத் தடுத்திருக்கிறார்கள். மூன்றும் அப்படியே நம்ம கடற்கரைக்குப் பொருந்தும். மணலில் தண்ணீர் வேகமாக இறங்கும். தீவுகளில் மீனவர் குடிக்கும் கிணறு ஆழமில்லாத ஊற்று. அதற்குப் பக்கத்தில் ஒதுங்கினால் அது நேரே அவர்களுடைய குடத்துக்குப் போகும். கிணற்றிலிருந்தும் கரையிலிருந்தும் நன்றாகத் தள்ளி, மேட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, மறைப்புக் கட்டி, ஒவ்வொரு முறையும் மண் போட்டு மூட வேண்டும். பூனைக்குத் தெரிந்த ஒழுக்கம் இது.

இதோடு ஒட்டியதுதான் பெண்கள் விசயமும். கடற்கரையில் ஒரு மறைப்பு இல்லை, வுழூச் செய்ய நல்ல தண்ணீர் இல்லை என்பதால்தான் நம்ம உம்மாமாரும் ராத்தாமாரும் பெருநாளைக்கு ஒரு மணித்தியாலம் வேனுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். பெண் பிள்ளைகளின் நிலை அதைவிட மோசம். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு கடலைக் காணாத பிள்ளைகள் கடலோர ஊரில் இருக்கிறார்கள். இரவுத் தங்கல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்கு என்று ஒரு பகல், ஆசிரியைகளும் தாய்மாரும் கூட வர, களப்புப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நீச்சல் பழக ஒரு இடம் வேண்டும். பிள்ளை தண்ணீரில் விழுந்தால் ஆண், பெண் என்று தண்ணீர் பார்ப்பதில்லை. இதற்கு எதிராகப் பேசுபவர்கள் மாற்று வழியையும் சொல்ல வேண்டும்.

தீவுக்குப் போவதாக இருந்தால் கூடுதலாகச் சில விசயங்கள். பத்தலங்குண்டும் உச்சமுனையும் வெறும் மணல் அல்ல, மனிதர் வாழும் இடங்கள். அங்கே வாடிகளும் வீடுகளும் தேவாலயமும் இருக்கின்றன. காயப் போட்ட கருவாட்டுக்கு நடுவில் நின்று செல்ஃபி எடுப்பதும், விடிய இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவன் தூங்கும் நேரத்தில் ஸ்பீக்கர் போடுவதும் எந்த மார்க்கத்திலும் மரியாதை இல்லை. விருந்தாளியாகப் போய் விருந்தாளியாகத் திரும்ப வேண்டும். மீன் வாங்கினால் அங்கேயே, கேட்ட விலைக்கு வாங்குங்கள். படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இல்லையென்றால் ஏறாதீர்கள். "களப்புத்தானே" என்று படகோட்டி சொன்னாலும் ஏறாதீர்கள். பின்னேரம் காற்று ஏறிய பிறகு களப்பும் சின்னக் கடல்தான். வெளியே இருக்கும் பார் 1992இலிருந்து கடல் சரணாலயம். 1998இல் கடல் சூடேறியபோது அங்கே முருகைக்கல் பெருமளவு வெளுத்துச் செத்தது, மெதுவாகத் திரும்பி வந்தது, 2016இல் மறுபடியும் அடி வாங்கியது. அதன் மேல் காலால் ஏறி நிற்காதீர்கள், ஒரு துண்டுகூட உடைத்து வீட்டு ஷோகேஸுக்குக் கொண்டுவராதீர்கள்.

இவ்வளவையும் நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதன் பெரிய காரணத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். இந்தக் கரையை வேறு பலரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கற்பிட்டியின் 14 தீவுகளையும் சேர்த்து ஒரு பெரிய சுற்றுலா வலயத் திட்டம் போட்டு, காணி விசயத்தில் மீனவர்கள் எதிர்த்து நின்றதெல்லாம் பழைய கதை அல்ல. கரையோரம் பற்றிய 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம், நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் கடல்பக்கம் இரண்டு கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று சொல்கிறது. அதற்குள் யாரும் நினைத்தபடி கட்ட முடியாது, அனுமதி வேண்டும். ஆனால் சட்டம் தானாக வந்து வேலியைப் பிடுங்காது. ஒரு ஒழுங்கையை யாராவது கம்பி போட்டு மறைக்கும்போது, "இது எங்கள் வாப்பாமார் வலை தூக்கிப் போன வழி" என்று சொல்ல அந்த வழியால் நடந்த ஒரு தலைமுறை வேண்டும். பத்து வருடம் யாரும் போகாத கரைக்கு உரிமை கேட்டு யார் போவார்? கொழும்பிலிருந்து வருபவர்கள் ஒரு இரவுக் கூடாரத்துக்குப் பணம் கட்டிப் படுத்து எழும்பும் அதே மணலில், நம்ம பிள்ளைகளை மட்டும் நாமே தடுத்துவிட்டு, பிறகு அங்கே பாத்திரம் கழுவும் வேலைக்கு அனுப்பப் போகிறோமா? படகோட்ட, வழிகாட்ட, முதலுதவி செய்ய, டொல்பின் எந்த மாதம் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நமக்குள் இருந்தால், அந்த வருமானத்தில் ஒரு பங்கு ஊருக்குள் வரும்.

ஆகவே பள்ளி நிர்வாகத்திடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நாங்கள் கேட்பது தடையை அல்ல, ஒழுங்கை. மே முதல் செப்டெம்பர் வரை வெளிக்கடலில் குளிக்கக் கூடாது என்று மிம்பரில் சொல்லுங்கள், அது தடையாகவே இருக்கட்டும். பெருநாள் தினங்களில் கரையில் நிற்க நீந்தத் தெரிந்த பத்து வாலிபர்களை நியமித்து, கயிறும் டியூபும் கொடுங்கள். பிரதேச சபையிடம் இரண்டு மலசலகூடமும் குப்பைத் தொட்டியும் கேட்டு ஊர் சார்பாக எழுதுங்கள். கடிதத்தை நாங்கள் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்துத் தருகிறோம். முதலாவது தங்கலை வாடைக் காலம் தணிந்த பிறகு, களப்புப் பக்கத்தில், தந்தையும் மகனுமாக ஒரே ஒரு இரவு நடத்திப் பார்ப்போம். சாப்பாடு சஹனில், எனவே பார்சலும் இல்லை, பொலித்தீனும் இல்லை. பிழைத்தால் அடுத்த வருடம் நிறுத்திவிடலாம்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியின் மேல்மாடியில் இது பற்றிய கூட்டம். தாய்மார் வந்து பேச மறைப்புப் போட்டு இடம் ஒதுக்கும்படி கேட்டிருக்கிறோம், சம்மதித்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்பாக, வியாழன் அஸருக்குப் பின், அந்த மூன்று பிள்ளைகளையும் அவர்களின் வாப்பாமாரையும் கூட்டிக்கொண்டு கரைவலைக்காரர்களின் வாடிக்குப் போகிறோம். கூட வர விரும்புபவர்கள் வாருங்கள். கையில் ஏதாவது கொண்டு வாருங்கள், பொலித்தீனில் சுற்றாமல்.